ஃப்ரைபர்க் யார் கொடுத்த ஊர்?

கேள்வி: ஜெர்மனியோட தென்மேற்கு மூலையில இருக்கற ஃப்ரைபர்க் நகரத்தை 1120-ல கோன்ராட்னு ஒரு பிரபு காலி இடத்துல திட்டம் போட்டு உருவாக்கினார்னு படிச்சேன். 2020-ல 900 வயசுன்னு விழா கூட எடுத்தாங்களாம். ஒரு ஊரையே மக்களுக்குக் கொடுக்கற மனசு இன்னைக்கு ஆட்சியில இருக்கறவங்களுக்கு ஏன் இல்ல?

பதில்: முதல்ல, அது காலி இடம் இல்லைங்க. கோன்ராடோட அப்பா ரெண்டாம் பெர்தோல்ட் 1091 வாக்குலயே பக்கத்து மலை மேல கோட்டை கட்டிட்டார், கோட்டைன்னு ஒண்ணு வந்துட்டா கொல்லன், தச்சன், எடுபிடின்னு அடிவாரத்துல ஆள் குடியேறத்தானே செய்வாங்க, தோண்டிப் பாத்தவங்களுக்கும் 1120-க்கு முந்தின குடியிருப்போட தடயம் கிடைச்சிருக்கு. 1120-ல நடந்தது ஊர் பிறந்தது இல்ல, சந்தை உரிமை கொடுத்தது. கொடுத்த கோன்ராட் அப்போ டியூக்ங்கற பெரிய பிரபுப் பட்டம் கூட வாங்கல, அண்ணன் 1122-ல செத்த பிறகுதான் அந்தப் பட்டம் இவருக்கு வந்துச்சு.

இந்த வருஷக் கணக்கையே கொஞ்சம் ஜாக்கிரதையா பாக்கணும். பக்கத்துல வில்லிங்கன்னு ஒரு ஊர், 999-ல மூணாம் ஓட்டோ சக்கரவர்த்தி அங்க சந்தை, நாணயச்சாலை, சுங்கம் எல்லாத்துக்கும் அனுமதி கொடுத்தார், ஆனா அந்தச் சந்தை இருந்தது பிரிகாக் ஆத்துக்கு அந்தக் கரையில, இப்ப நாம பாக்கற மதில் சூழ்ந்த ஊர் அதுக்கப்புறம் இந்தக் கரையில எழும்பினது. அதனால சந்தை உரிமை கொடுத்த வருஷத்தை அப்படியே ஊர் பிறந்த வருஷம்னு எடுத்துக்க முடியாது.

இப்ப உங்க 'மனசு' விஷயத்துக்கு வரேன். சந்தை உரிமை கொடுத்த அந்த ஃப்ரைபர்க் சாசனத்தோட மூலம் இல்ல, பின்னாடி எடுத்த நகல்கள்தான் இருக்கு. அதைப் படிச்சா தானம் மாதிரியே தெரியாது, ஒப்பந்தம் மாதிரிதான் தெரியும். பேர் பெற்ற வியாபாரிகளைக் கூட்டி, ஆளுக்கு 100 அடி நீளம் 50 அடி அகலம் மனை, வருஷா வருஷம் மார்ட்டின் திருநாள்ங்கற கிறிஸ்தவப் பண்டிகையன்னைக்கு ஒரு ஷில்லிங் வாடகை. அவங்களுக்கு சந்தைச் சுங்கம் கிடையாது. வியாபாரி செத்தா சொத்து பொண்டாட்டி பிள்ளைகளுக்குத்தான், பிரபு கை வைக்க முடியாது. வாரிசே இல்லன்னா கூட சந்தையில சத்தியம் செஞ்சுகிட்ட ஆளுங்க ஒரு வருஷம் முழுக்க அதைப் பத்திரமா வெச்சிருக்கணும். பாதிரியாரையும் ஊர் அதிகாரியையும் மக்களே தேர்ந்தெடுக்கணும், வழக்கு வந்தா கொலோன்ங்கற ஜெர்மன் நகரத்து வியாபாரிகளோட வழக்கப்படி தீர்ப்பு. இவ்வளவும் ஏன் கொடுத்தார்னா, வேற பிரபுக்களும் ஊர் வளர்த்துகிட்டு இருந்த காலம் அது, நல்ல ஷரத்து இல்லன்னா பணக்கார வியாபாரி எதுக்கு இங்க வந்து உக்காரணும்? பக்கத்துல பிளாக் ஃபாரஸ்ட்ங்கற மலைக்காட்டுல வெள்ளி வெட்டி எடுத்தாங்க, அது பணமாகணும்னா பக்கத்துல சந்தை வேணும். கோன்ராட் புத்திசாலி, அதை நான் மறுக்கல. ஆனா அந்த மனையில வீடு கட்டி, கடை போட்டு, ஊரை ஊராக்கினது வந்து குடியேறின ஜனங்க. ஊரோட பெரிய சர்ச் கோபுர வாசல்ல இன்னைக்கும் 1270, 1317, 1320-னு வருஷம் போட்டு ரொட்டி எவ்வளவு பெருசு இருக்கணும்னு கல்லுல கோடு வெட்டி இருக்கு, வாங்கின ரொட்டியை யாரும் அங்க கொண்டுபோய் அளந்து பாத்துக்கலாம், எனக்கு அந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்சது அதுதான்.

பிரபுக்கள் கொடுத்ததை விட்டு வெச்சாங்களான்னும் பாருங்க. 1218-ல கோன்ராடோட வம்சம் வாரிசு இல்லாம முடிஞ்சு ஊர் வேற கோமகன்கள் கைக்குப் போச்சு. அவங்கள்ல ஒருத்தர், ரெண்டாம் எகினோ, வரியை ஏத்தி உரிமையைக் குறைக்கப் பாத்தார், ஜனங்க கல்லெறியும் பொறி வெச்சு மலைக் கோட்டையையே இடிச்சாங்க. எகினோ தன் மச்சினரான ஸ்ட்ராஸ்பர்க் பிஷப்பைக் கூட்டிகிட்டு வந்தார், 1299 சண்டையில பிஷப் செத்தார், குத்தினது ஹவுரின்னு ஒரு கசாப்புக்காரர்னு சொல்றாங்க. அதுக்கு ஊர் வருஷக்கணக்கா தண்டம் கட்டுச்சு.

அதுக்காக ஊர்க்காரங்களை உத்தமர்னு சொல்ல வரல, 1346-ல பக்கத்துப் பள்ளத்தாக்குல இருந்த மூன்ஸ்டர்ங்கற சுரங்க ஊரை அழிச்சது இதே ஃப்ரைபர்க்காரங்கதான். 1366-ல கோமகன் ராத்திரியோட ராத்திரியா ஊரைப் பிடிக்கப் பாத்து தோத்தார், 1368-ல ஊர் பெரும் பணம் கொடுத்து அவங்ககிட்ட இருந்து தன்னை விடுவிச்சுகிட்டு, பாதுகாப்புக்கு ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குக் கீழ போச்சு. நடுவுல சில இடைவெளி தவிர 1805 வரைக்கும் அங்கதான் இருந்துச்சு.