ஐஸ் ஹவுஸில் போனைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா?

கேள்வி: போன மாதம் புதுப்பித்த பழைய மாளிகை ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனோம். வாசலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வழிகாட்டி ஆப்பைப் போட்டுக்கொண்டோம். பாதி நேரம் அது சுற்றிக்கொண்டே இருந்தது. மீதி நேரம் நானும் பத்து வயது மகனும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். காது கொஞ்சம் மந்தமான என் மாமியார் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து சென்னையில் பழைய பனிக்கட்டிக் கிடங்கான ஐஸ் ஹவுஸ் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை எப்படிப் பார்க்கலாம்?
– குரோம்பேட்டை வாசகி

பதில்: ஆப்பை முதல் நாள் ராத்திரியே வீட்டில் கேட்டு முடித்துவிடுங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். பழைய மாளிகைகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர். உள்ளே போனதும் சிக்னல் குறையும், ஜிபிஎஸ் தடுமாறும். நீங்கள் கூடத்தில் நிற்பீர்கள், மேப்பில் நீலப் புள்ளி ரோட்டில் நிற்கும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துத் தானாகப் பேசும் ஆப்பைவிட, நிறுத்தத்துக்கு ஒரு எண் கொடுத்து நாம் தட்டினால் பேசும் ஆப்தான் உள்ளே கைகொடுக்கும். எதுவானாலும் வீட்டு வைஃபையில் முழுசாக இறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு ஒருமுறை ஓடுகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஒருமுறை இருபது பிள்ளைகளை ஒரு பழைய பங்களாவின் மாடிவரை கூட்டிப் போய் நான் திண்டாடியிருக்கிறேன்.

லொகேஷன் அனுமதி கேட்டால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், இன்னொரு காது பையனுக்கு வேண்டும். படம் எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தால், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும் முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விடுமுறை நாளையும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி ஐஸ் ஹவுஸ். இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர், மெரினாவுக்கு எதிரே காமராஜர் சாலையில் இருக்கிறது. 1842இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கரின் கம்பெனிக்காகக் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கில் ஏற்றியது 180 டன், நாலு மாதப் பயணம் முடிந்து கரை சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா என்ற நாட்டுப் படகுதான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். அந்த வெயிலில் கட்டி கரைவதற்குள் சேர்க்க வேண்டிய கிடங்கு இது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் ஹவுஸ்கள் இன்றில்லை, நம்முடையது நிற்கிறது.

யந்திரத்தில் ஐஸ் செய்யும் காலம் வந்ததும் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், 'கேசில் கெர்னன்' என்று பெயர் வைத்துக் குடிவந்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இவர் வீட்டில்தான். 1917இல் அரசு வாங்கியது. அப்புறம் சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இளம் விதவைகள் விடுதி இங்கே இருந்தது. 1963இல் இன்றைய பெயர் வந்தது.

இந்த வரிசை மனதில் இருந்தால் உள்ளே போனை எடுக்கவே தேவையிருக்காது. ஏனென்றால் பார்க்க வேண்டியது ஜன்னல்களை. பனிக்கட்டிக்குக் காற்றும் வெளிச்சமும் ஆகாது, மனிதருக்கு இரண்டும் வேண்டும். கிடங்கை வீடாக்கியபோதுதான் ஐயங்கார் வட்டமான தாழ்வாரங்களைச் சேர்த்து, நிறைய ஜன்னல்களையும் வைத்தார். பையனை ஒரு ஜன்னலோரம் நிறுத்தி, சுவரின் கனம் எத்தனை முழம் இருக்கும் என்று கண்ணாலேயே அளக்கச் சொல்லுங்கள். தொட வேண்டாம். அப்புறம் அந்த ஜன்னலை மனதுக்குள் அடைக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஜன்னலையும் அடைக்கட்டும். எல்லாவற்றையும் அடைத்தால் மிஞ்சுகிற இருட்டுதான் டியூடரின் கிடங்கு. எத்தனையோ பேரை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறேன், நாலாவது ஜன்னலில் முகம் மாறிவிடும். இதை எந்த ஆப்பும் செய்துகாட்டிவிடாது.

புதுப்பித்த எந்தக் கட்டடத்திலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இது எந்தக் காலத்துக் கைவேலை? சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசிய இடத்தில் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கடற்கரை ஓரம் என்றால் உப்பும் பூத்து வரும், பெயின்ட் கொப்பளிக்கும். அண்ணாந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸ் கூரை தெரியலாம். வரிசையாகத் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். போனைக் குனிந்து பார்ப்பவர்களுக்கு இது தப்பிவிடும், எனக்கு அதுதான் வருத்தம்.

விவேகானந்தர் தங்கிய அறை இப்போது தியான அறை. அங்கே போனை அணைத்தே வையுங்கள். அது மேலே இருப்பதால் படி ஏற வேண்டும். மாமியாருக்கு முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், முடியாது என்றால் கீழேயே நிதானமாகப் பார்க்கட்டும்.

அவருக்காக இன்னொரு யோசனை. பையனை உட்கார வைத்து, நான் மேலே சொன்னதை ஆறேழு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் வருகிற மாதிரி, அவன் குரலிலேயே போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆப் தயார். பாட்டிக்கு வீட்டிலேயே, அமைதியான நேரத்தில், சத்தம் கூட்டிப் போட்டுக் காட்டட்டும். எழுதியும் வைத்துக்கொண்டால் எழுத்தைப் பெரிதாக்கி அவரே படிக்கலாம். வாசலில் நிற்கும்போது அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

மரத்தூள் என்ற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, சாக்கைப் போர்த்தி விற்றதை அவர் வயதில் பலர் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்து எதிரே மெரினாவில் உட்காரும்போது, ஐஸ் கட்டி எங்கே வாங்கினீர்கள், எப்படி வீட்டுக்குக் கொண்டு வந்தீர்கள் என்று பையன் கேட்கட்டும். காற்றுச் சத்தம் விழாமல் போனை அவருக்குப் பக்கத்தில் பிடித்து, ரெக்கார்டரை ஓட விடுங்கள்.