பிழைப்புக்கு வாங்கிய வண்டி வாரண்டிக்குள்ளேயே பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

"நானே ஓட்டிப் பிழைக்க வாங்கிய லோடு வண்டி, வாரண்டிக்குள் நான்கு முறை ஒரே பழுதுக்காகப் போய் வந்துவிட்டது. வணிக வாகனத்துக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்கிறார் டீலர். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை இல்லை. என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். நம்பி ஐந்து மாதத்தைத் தொலைத்தேன்.

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுவது என் தொழில். பெரும்பாலும் திருநெல்வேலி நயினார்குளம் சந்தைக்குப் போவேன். ஓணம் நெருங்கினால் ஏத்தன் (நேந்திரம்) தார்களோடு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூர். ஆறரை லட்ச ரூபாய் வண்டி, மூன்றாம் மாதமே சுமையோடு ஏற்றத்தில் இழுவையை விட்டது. சர்வீஸ் சென்டரில் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "அண்ணாச்சி, ஒரு குறையும் இல்லை" என்று சாவியைத் தருவார்கள். வண்டியை விடும்போது அவர்கள் புகாரை எழுதும் ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று மட்டும் இருக்கும். மூன்று முறை போய் வந்தும் காகிதத்தின்படி என் வண்டிக்குப் பழுதே வந்ததில்லை!

அதனால் முதலில் ஜாப் கார்டைக் கவனியுங்கள். வண்டியை விடும்போதே உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே அதில் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. எழுத மறுத்தால், அங்கே நின்றுகொண்டே டீலருக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வண்டியை எடுக்கும்போது "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்து கேட்பார்கள். பழுது தீரவில்லை என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நான்காம் முறை நான் தார்களை ஏற்றிக்கொண்டே போனேன். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினேன். அவர் நேர்மையானவர், "சுமையோடு இழுவை குறைகிறது" என்று எழுதிக் கொடுத்தார். என் வழக்கு அந்த ஒரு வரியில்தான் நின்றது.

இனி சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கத்தான் செய்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தின் இதே வாசகத்துக்கு லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் விளக்கம் சொன்ன உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று எடுத்துக்காட்டோடு சொன்னது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதும் இதைக் கெடுக்காது. ஓட்டுநர்களைப் போட்டு நான்கைந்து வண்டி விடுபவர் நிலை வேறு. மனுவின் முதல் பத்தியிலேயே "என் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்" என்று எழுதி, உரிமத்தின் நகலை இணையுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கைவைக்கும் இடம் அது.

குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. 1915 உதவி எண்ணிலும் புகார் பதியலாம், ஆனால் அவர்களால் பேசிப் பார்க்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது.

புது வண்டியே வேண்டும் என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். வாரண்டி வாசகம் பெரும்பாலும் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகவே இருக்கும். நீதிமன்றங்களும் அதைத்தான் முதலில் பார்க்கின்றன. பழுதை நீக்கு, இல்லையேல் மாற்று வண்டி கொடு, அதுவும் இல்லையேல் விலையைத் திருப்பிக் கொடு என்று படிப்படியாகக் கேளுங்கள். கூடவே வருமான இழப்பு. அதற்கு வண்டி நின்ற தேதிகளும், முந்தைய மாதங்களின் வாடகைச் சீட்டுகளும் வேண்டும்.

இரண்டு தவறுகளைச் செய்துவிடாதீர்கள். கோபத்தில் தவணையை நிறுத்தினால் கடன் கொடுத்தவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்; அவருக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை. வெளிப் பட்டறையில் இன்ஜினைப் பிரித்தால் வாரண்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

என் வழக்கில் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போன பிறகுதான் அவர்களுடைய பொறியாளர் வந்தார். சென்சார் வயர் சேஸிஸில் உரசி உறை தேய்ந்திருந்தது. சுமை ஏறி வண்டி அழுந்தும்போது மட்டும் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அரை நாள் வேலை! ஒரு வாழைப் பருவத்தையே இதற்காக இழந்தேன் என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சமரசத்தில் வயரிங்கை மாற்றி, நின்ற நாட்களுக்கு ஒரு தொகையும் தந்தார்கள்.

உங்கள் வாரண்டி எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் நாள் இருந்தால், இந்த வாரமே சுமையோடு வண்டியைக் கொண்டுபோய்ப் பழுதை ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள். வாரண்டிக்குள் பதிவான பழுது என்றால், வாரண்டி முடிந்த பிறகும் நீங்கள் வழக்காடலாம்.