சார்ஜ் 100% என்கிறது, பேட்டரியை மாற்று என்றும் சொல்கிறது: எதை நம்புவது?

கேள்வி: நாலு வருஷம் ஆன லேப்டாப். சார்ஜ் 100% காட்டுகிறது. ஆனால் பேட்டரி ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி, 'பேட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள்' என்று செய்தி. எது உண்மை?

இரண்டுமே உண்மை. குளம் தூர்ந்துபோனாலும் மழை பெய்தால் கரை தொட்டுத்தான் தண்ணீர் நிற்கும். பார்க்கிறவருக்குக் குளம் நிறைந்திருக்கிறது. ஆழம் போனது பாசனத்துக்குத் திறந்துவிடும்போதுதான் தெரியும். 100% என்பது உங்கள் பேட்டரி இன்று எவ்வளவு கொள்ளுமோ அதில் நூறு. எச்சரிக்கை பேசுவது தூர்ந்துபோன ஆழத்தைப் பற்றி.

விண்டோஸ் 7 வந்த புதிதில் இந்தச் செய்தியைப் பார்த்தவர்கள், நன்றாக இருந்த பேட்டரியை விண்டோஸே கெடுத்துவிட்டது என்று கொதித்தார்கள். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் விளக்கம் கொடுத்தது: புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் 40 சதவீதத்துக்கும் கீழே போனால்தான் அந்தச் செய்தி வரும். அந்த ஒரு வரியைச் செய்தியிலேயே சேர்த்திருந்தால் எத்தனை பேருடைய குழப்பம் தீர்ந்திருக்கும்! எனக்கு இன்றும் அது ஆதங்கம்தான்.

என் பழைய லேப்டாப்பில் 28% இருக்கும்போதே திரை பட்டென்று அணைந்தது. எழுதிக்கொண்டிருந்த இரண்டு பக்கம் போயிற்று. மறுபடி சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் அதே 28%. மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். காரணம் வேறு. செல்கள் பழசானால் உள்மின்தடை கூடும். கனமான வேலை கொடுத்ததும் வோல்டேஜ் சரியும், பாதுகாப்புச் சுற்று உடனே துண்டித்துவிடும். சார்ஜ் மிச்சம் இருக்கும், அதை வெளியே கொடுக்கத்தான் பேட்டரிக்குத் தெம்பு இருக்காது.

ஆகவே செய்தியோடு மல்லுக்கட்டாமல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல், கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளையை எழுத்தாக அடிக்கும் விண்டோஸ் திரை) powercfg /batteryreport என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் கொண்ட அளவு), 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இன்று கொள்ளும் அளவு) என்ற இரண்டு வரிகள் போதும். எனக்கு முதலாவது 48,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 17,300. அதாவது 36%. அதன்பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. மேக்கில் பேட்டரி அமைப்புகளில் 'சர்வீஸ் ரெகமெண்டட்' என்று வந்தாலும் சேதி இதேதான்.

முழுசாகச் சார்ஜ் செய்து, நன்றாக இறக்கி, மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். அதனால் மீட்டரின் கணக்கு சீராகும், பேட்டரிக்கு இளமை திரும்பாது. வாரம் தவறாமல் அப்படிச் செய்தால் தேய்மானம்தான் கூடும்.

'சார்ஜர் இணைந்துள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற செய்தி வேறு ரகம். 80 சதவீதத்திலோ 60 சதவீதத்திலோ நின்றால், பெரும்பாலும் பேட்டரியின் ஆயுளைக் காக்கத் தயாரிப்பாளர் வைத்த வரம்புதான். அதைக் கண்டு பயப்படாதீர்கள். லேப்டாப்புக்குத் தேவையானதைவிடக் குறைந்த வாட் சார்ஜரைச் செருகினாலும் இது வரலாம்.

மாற்று என்ற செய்தி வந்த உடனே லேப்டாப் ஆபத்து என்று அர்த்தமில்லை. எப்போதும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்பவர் சில மாதம் ஓட்டலாம். ஆனால் எந்தச் செய்தியும் சொல்லாத ஓர் அறிகுறி உண்டு: டச்பேடை அழுத்தினால் 'க்ளிக்' விழாமல் கெட்டித்துப்போவது, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, மூடி சரியாகப் பொருந்தாதது. பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியானால் சதவீதம் எதுவாக இருந்தாலும் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, அழுத்தாமல் குத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.