டிரெஸ்ரோசாவில் மாட்டிக்கொண்டவருக்கு

650-வது எபிசோடோடு பொறுமை போய்விட்டது, ரசிகர்கள்கூட ஏன் 'ஒன் பீஸ்' அனிமேயை (ஜப்பானிய கார்ட்டூன் தொடரை) திட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். திட்டு கதைக்கு இல்லை, இழுவைக்கு. டிரெஸ்ரோசா என்ற கதைப்பகுதி, மூலமான மங்காவில் (காமிக்ஸில்) 102 அத்தியாயம் (700–801), அனிமேயில் 118 எபிசோட் (629–746). அப்போது வாராவாரம் ஒளிபரப்ப வேண்டியிருந்தது, மங்காவை முந்தவும் கூடாது. எபிசோடுக்கு ஒரு அத்தியாயம்கூடத் தேறாததால் முறைப்பு, ஃபிளாஷ்பேக், கூட்டம் வாய்பிளப்பது என்று நிரப்பினார்கள். ஃபில்லர் (மங்காவில் இல்லாமல் அனிமேக்காகச் சேர்த்த கதை) மேல் பழி போடாதீர்கள். 196–206 கடற்படைக் கோட்டைக் கதை முழுக்க ஃபில்லர்தான், அருமையாக இருக்கும்!

முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் பாட்டும் முன்கதையும், தள்ளிவிடுங்கள். அப்படியும் நகரவில்லையா? மங்காவை 715-லிருந்து 801 வரை படித்துவிட்டு, அனிமேக்கு 751-ல் திரும்புங்கள். இடையில் உள்ள 747–750 ஃபில்லர். விட்டாலும் கதை புரியும்.