மோனா பூனையின் காது ஏன் நழுவுகிறது?

அன்புள்ள ஐயா,

எழுத்துகளாலேயே வரைந்த ஜப்பானியப் பூனைப் படம் ஒன்றை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். காது ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் போய்விட்டது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள ஃபான்ட் போட்டால் நேராகும் என்றார் நண்பர். போட்டேன், கோணல் கூடிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்ன வழி அமெரிக்க எழுத்துப் படங்களுக்கு. ஜப்பானில் கதை நேர் எதிர்.

நீங்கள் ஒட்டியது மோனாவாகத்தான் இருக்கும். மேலே ∧＿∧ என்று காது, கீழே （　´∀｀） என்று முகம். வாயாக நிற்பது, கணிதத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்று பொருள்படும் தலைகீழான ஆங்கில A. 1999இல் ஹிரோயுகி நிஷிமுரா தொடங்கிய 2சேனல் என்ற ஜப்பானிய இணைய அரட்டைப் பலகையில் வளர்ந்த பூனை இது. அங்கே வரைந்தவர்கள் கணக்கில் வைத்துக்கொண்டது விண்டோஸின் எம்எஸ் பி-கோதிக் ஃபான்டை, 16 பிக்சல் அளவில். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அகலம். அந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் படமே நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கினால் குலையாமல் என்ன செய்யும்? (இவ்வகைப் படத்தை 'ஏஏ' என்பார்கள், ஆஸ்கி ஆர்ட்டின் சுருக்கம். ஆஸ்கி என்பது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் அடங்கிய அடிப்படைத் தொகுதி. மோனாவின் முகத்தில் ஆஸ்கி எழுத்து ஒன்றுகூட இல்லை.)

சூட்சுமம் ஸ்பேஸில் இருக்கிறது. ஜப்பானிய எழுத்தோடு வரும் முழு அகல ஸ்பேஸ் 11 பிக்சல், நாம் வழக்கமாகத் தட்டும் அரை அகல ஸ்பேஸ் 5. அரை ஸ்பேஸ் இரண்டு அடுத்தடுத்து வந்தால் பிரவுசர் ஒன்றாகச் சுருக்கிவிடும். வரித் தொடக்கத்தில் வந்தால் விழுங்கிவிடும். ஆகவே முழுதில் தொடங்கி, இரண்டு அரைகள் ஒட்டாமல் இடையிடையே முழுதைச் செருகுவார்கள். முழு, அரை, முழு, அரை என்றால் 32 பிக்சல். அதை எடுத்துவிட்டு மூன்று முழு ஸ்பேஸ் வைத்தால் 33. பூனையின் கண் ஒரே ஒரு பிக்சல் வலப்பக்கம் நகரும்! இந்தக் கூட்டலில் 17 முதல் 21 வரை எதுவும் கிடைக்காது. அங்கே 3 பிக்சல் அகலமுள்ள முற்றுப்புள்ளியைச் சேர்த்து 19 ஆக்குவார்கள். சில படங்களில் காரணமில்லாமல் தூசிபோலப் புள்ளிகள் கிடப்பது இதனால்தான்.

உங்கள் கணினியில் எம்எஸ் பி-கோதிக் இருந்தால் அதை 12 பாயிண்டில் வையுங்கள். இல்லாவிட்டால் மோனா ஃபான்ட் அல்லது சைதமார் இலவசமாகக் கிடைக்கும். இரண்டும் அதே அகலங்களுக்காகவே செய்தவை. நீண்ட வரியைத் தானே மடக்கும் வேர்ட் ராப்பை நிறுத்துங்கள். திரையின் ஸ்கேலிங் 125 சதவீதம் என்றிருந்தால் 100க்குக் கொண்டுவாருங்கள். பெரிதாக்கும்போது அகலங்கள் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. இணையப் பக்கத்தில் இடுவதானால் எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 18 பிக்சல்.

இன்னமும் கோணினால், எப்படிக் கோணுகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் போகப் போகப் பிசகு கூடினால் ஃபான்ட் மாறவில்லை. பூனை நசுங்கியோ நீண்டோ தெரிந்தால் வரி உயரம். பூனையே இல்லாமல் புரியாத எழுத்துகள் கொட்டினால் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியீட்டில் உள்ள கோப்பை, இன்றைய பொதுக் குறியீடான யூடிஎஃப்-8 என்று திறந்திருக்கிறீர்கள். முதல் வரி மட்டும், அதாவது காது மட்டும் இடப்பக்கம் ஓடியிருந்தால், நீங்கள் ஒட்டிய செயலி தொடக்க ஸ்பேஸ்களை வெட்டிவிட்டது. காதுக்கு மேலே தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள், வெட்டு அதோடு நின்றுவிடும்.

செல்பேசியில் இத்தனை பாடு வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுங்கள்.