யன்னல் பக்கத்து வெயில்

அன்புள்ள அண்ணா,

நான் திருக்கோவில், வேலை கல்முனையில். கையில் வைத்து கேம் விளையாடும் கருவியான நின்டென்டோ சுவிட்ச், பாவித்தது ஒன்றை வாங்கி, விளையாடும் கேம்களைப் பற்றி முகநூலில் எழுதி வருகிறேன். 'பிரெத் ஒஃப் த வைல்ட்' பற்றி எழுதியதற்கு, "கேமை முடிக்காமல் என்ன விமர்சனம்?" என்று சிலர் ஏசுகிறார்கள். எனக்குப் பஸ்ஸில்தான் நேரம் கிடைக்கிறது. அதிலும் யன்னல் பக்கம் இருந்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது. போட்டிருக்கும் சேட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு விளையாடுவேன், பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். முடிக்காமல் எழுதுவது பிழையா? அடுத்து சுவிட்ச் 2 வாங்குவதா, அதே போன்ற இன்னொரு கைக்கருவியான ஸ்டீம் டெக் வாங்குவதா? இந்த வயதில் என்ன கேம் என்று அம்மா வேறு கேட்கிறா.

ஒரு வாசகர், திருக்கோவில்

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு விளையாடுங்கள், கேள்வி தானாகக் குறையும்.

உங்கள் பதிவைத் தேடி வாசித்தேன். "கிராபிக்ஸ் அருமை, கதை சுமார், பத்துக்கு ஒன்பது." இதை எழுத நீங்கள் எதற்கு? 2017இல் அந்தக் கேம் வந்த கிழமையே உலகம் முழுக்க இதை எழுதித் தள்ளிவிட்டது. ஆனால் அவர்கள் யாரும் அக்கரைப்பற்று பஸ்ஸில் இருந்து விளையாடவில்லை. சேட்டைத் தலைக்கு மேல் இழுத்த கதை எனக்கு வந்த கடிதத்தில் இருக்கிறது, பதிவில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். விமர்சனத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டு, யாரோ எழுதியதைப் பதிவில் படியெடுத்து வைத்திருக்கிறீர்கள்.

கையில் கொண்டு திரியும் கருவிக்கு, எங்கே வைத்து விளையாடினோம் என்பதுதான் பாதி விமர்சனம். கொஞ்சக் காலமாகவே இதை எழுத நினைத்திருந்தேன், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

1989இல் நின்டென்டோவின் 'கேம் போய்' என்ற கைக்கருவி வந்தபோது அதில் வர்ணம் இல்லை, திரைக்குள் வெளிச்சமும் இல்லை. பச்சை கலந்த நாலு சாயல், அவ்வளவுதான். அடுத்த வருடம் போட்டிக் கம்பனியான சேகாவின் 'கேம் கியர்' வர்ணத் திரையோடு, வெளிச்சத்தோடு வந்தது. கடைக் கண்ணாடிக்குள் இரண்டையும் வைத்தால் எதைப் பார்ப்பீர்கள்? ஆனால் கேம் கியர் ஆறு பென்ரோச் (AA) பற்றரியை மூன்று, மிஞ்சினால் ஐந்து மணித்தியாலத்தில் தின்றுவிடும். கேம் போய் நாலு பற்றரியில் 15 மணித்தியாலம் அளவில் ஓடும். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான குன்பெய் யோகோயி, பழகிப்போன மலிவான பாகங்களை வைத்தே புதுசு செய்யலாம் என்று நம்பிய ஆள். கேம் கியர் விற்றது ஒரு கோடிக்குச் சற்று மேல். கேம் போயும் அதன் கலர் மாதிரியும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்தைத் தாண்டின.

இந்தக் கணக்கெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. மட்டக்களப்பின் படுவான்கரையில் நாங்கள் இருந்த யுத்த காலத்தில் கரண்ட் இல்லை, சோதனைச் சாவடி தாண்டிப் பற்றரி கொண்டுவருவதும் கரைச்சல். மாமா ஒருவர் பிரிக் கேம் என்ற மலிவான கைக்கருவி ஒன்று கொண்டுவந்து தந்தார். மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே டெட்ரிஸும் பாம்பும் கார் ஓட்டமும்தான் திரும்பத் திரும்ப வரும். அதற்கும் அப்பாவின் சின்ன ரேடியோவுக்கும் ஒரே பென்ரோச் பற்றரி. அப்பா இரவில் பிபிசி தமிழோசை கேட்பார். வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஆனதும் பற்றரியைக் கழற்றி என் கையில் வைப்பார். "இதுக்குள்ள இன்னும் உசிர் கிடக்கு மனே."

உண்மையாகவே கிடந்தது. ரேடியோவுக்குச் செத்த பற்றரியில் பிரிக் கேம் நாள்கணக்கில் ஓடும். ஸ்பீக்கரை அசைக்கத்தான் நிறையக் கரண்ட் வேண்டும், அந்தக் கறுப்புக் கட்டங்களைக் காட்ட ஒரு சொட்டுப் போதும். ஆனால் திரைக்கு வெளிச்சம் கிடையாது. குப்பி விளக்கிடம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கிட்டப் போனால் கண்ணாடியில் சுடர் விழும், தள்ளிப் போனால் கட்டம் தெரியாது. முதலில் சத்தம் நிற்கும், மறுகா கட்டங்கள் வெளிறும். பற்றரியைக் கூரைத் தகட்டில் வெயிலுக்கு வைத்தால் இன்னும் ஓர் ஆட்டம் தேறும். இதற்கு விமர்சனம் எழுதச் சொன்னால் கிராபிக்ஸ் என்று நான் எதை எழுத?

சரி, உங்கள் சுவிட்சுக்கு வருவோம். 2017இல் வந்தது ஒருமுறை சார்ஜ் பண்ணினால் இரண்டரை முதல் ஆறரை மணித்தியாலம் ஓடும் என்றார்கள். 2019இல் மாற்றி வந்தது நாலரை முதல் ஒன்பது. உங்களிடம் இருப்பது எது? பதிவில் இல்லை. 5 பாகை செல்சியஸுக்கும் 35 பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் சுவிட்சைப் பாவிக்க வேண்டும் என்று 2022 கோடையில் நின்டென்டோவே ஜப்பானில் எச்சரித்தது. கச்சான் காற்று அனலாய் அடிக்கும் மாதத்தில் நம் பஸ்ஸுக்குள் அது என்ன பாடுபடுகிறது? அதுவும் இல்லை. அந்தக் கேமில் மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏறவே விடாது. அட்டாளைச்சேனையில் ஏறத் தொடங்கிய மலையில் நிந்தவூர் வரும்வரை மழைக்கு ஒதுங்கி நின்றீர்களா? கொண்டக்டர் காசு கேட்டதும் பொத்தானை அழுத்தினால், பாறையில் தொங்கியபடி ஆள் அப்படியே காத்திருப்பானே, அது உங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி! இதையெல்லாம் விட்டுவிட்டுக் கிராபிக்ஸ் அருமையாம்.

எதை வாங்குவது என்றா? ஸ்டீம் டெக் முதல் மாதிரியின் எடை 669 கிராம். பஸ் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதை மற்றக் கையால் தாங்குவீர்களென்றால் வாங்குங்கள்.

முடிக்காமல் எழுதுவதைக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். ஏசுகிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டாம், அவர்களில் பாதிப்பேர் உங்கள் பதிவையே கடைசிவரை வாசித்திருக்க மாட்டார்கள்.