அகராதிக்காரர்கள் ஏன் நாளிதழைத் தேடிப் போகிறார்கள்?

கேள்வி: ஆங்கில அகராதிகளில் புதுச் சொற்களுக்குச் சான்றாக நாளிதழ் வரிகளைத் தருகிறார்களே, பெரிய எழுத்தாளர்களின் வரிகளைத் தரக் கூடாதா?

இதே ஆட்சேபம் 1883-இலேயே எழுந்தது. ஆக்ஸ்ஃபர்ட் அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மர்ரேயிடம், நாளிதழ் மொழியைத் தவிர்த்துப் பேரிலக்கியங்களிலிருந்து மேற்கோள் எடுக்கும்படி பதிப்பகத்தின் மேற்பார்வைக் குழுவினர் சொன்னார்கள். மர்ரே இணங்கவில்லை. இன்று அந்த அகராதியில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது லண்டன் டைம்ஸ் நாளிதழ்தான். ஷேக்ஸ்பியரே அதற்குப் பின்னால்தான் வருகிறார்.

மர்ரே செய்தது சரி என்பதே என் உறுதியான எண்ணம். அகராதியில் பொருளைப் படித்ததும் நான் நேரே கீழே இருக்கும் மேற்கோள்களுக்குத்தான் போவேன். அங்கே நாளிதழ் வரியின் பெரிய பலம், அதன் தலையில் இருக்கும் தேதி. நாவலை எழுதியது எப்போது, அச்சானது எப்போது என்று குழம்பலாம். நாளிதழில் நாள், மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும்.

'பாய்காட்' என்ற சொல்லைப் பாருங்கள். 1880 செப்டம்பரில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், சார்லஸ் பாய்காட் என்ற பண்ணை மேலாளரை ஊரே ஒதுக்கிவைத்தது. வேலைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. செய்தி லண்டன் வரை போனது. நவம்பருக்குள் டைம்ஸ், வேறோர் ஊரில் நடந்த ஒதுக்கலைச் சொல்லவே அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டது, மேற்கோள்குறிக்குள். அந்தக் குறி உதிர்ந்து, பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தாகி, விளக்கமே இல்லாமல் சொல் புழங்குகிறதே, அதுதான் அகராதிக்காரர் காத்திருக்கும் கட்டம். அதை நாளுக்கு நாள் காட்டக்கூடியது செய்தித்தாள்தான்.

ஒருமுறை அச்சில் வந்தால் மட்டும் போதாது. பல இதழ்களில், பலர் கையில், சில காலமாவது புழங்கியிருக்க வேண்டும். ஆனால் அதிகமாகக் காத்திருந்தாலும் சிக்கல்தான். 'அப்பெண்டிசைடிஸ்' (குடல்வால் அழற்சி) வெறும் மருத்துவக் கலைச்சொல் என்று 1880-களில் மர்ரே விட்டுவிட்டார். 1902-இல் அதே நோயால் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா தள்ளிப்போனது. எல்லா நாளிதழிலும் அந்தச் சொல், அகராதியில் மட்டும் இல்லை.

'ஓகே'வின் பிறப்பு பற்றி எத்தனையோ கதைகள் உலவின. அவற்றை முடித்துவைத்தவர் அமெரிக்க மொழி ஆய்வாளர் ஆலன் வாக்கர் ரீட். அவருக்குக் கிடைத்த சான்று, 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழின் ஒரு பத்தி.